இரும்புக்கு வாய் கிடையாது

கீழக்குயில்குடி
2025, தை 9, புதன்கிழமை

விளாங்குடி டீச்சரம்மா ஜோசபினுக்கு, கீழக்குயில்குடி அன்னக்கொடி எழுதுவது.

அன்றைக்குப் பொட்டலில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் ஒருத்தரும் நான் அங்கே இல்லை, பார்க்கவில்லை என்று சொல்லக்கூடாது. கோ-கோ ஆடவந்த நம் பேத்தி ஆஷ்லின். அவளோடு ஒரே காலேஜ் டீமில் ஆடுகிற முத்துமீனா. முத்துமீனாவுக்குத் தாத்தாவும் எனக்குக் கூடப்பிறந்த தம்பியுமான மலையாண்டி. பொங்கல் விளையாட்டை இந்த வருஷம் அவன்தான் முன்னே நின்று நடத்தினான். விசில் வைத்திருந்த சூரியபிரகாஷ். சோடா எடுத்துக்கொண்டு ஓடிவந்த தங்கப்பொண்ணு. ஆட்டோக்காரன் காசிமாயன். குடை பிடித்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த நீங்கள். கல் மேல் ஏறி நின்றிருந்த நான். மிச்சமெல்லாம் சனம். சனத்தை நான் கணக்கில் எடுப்பதில்லை.

உங்களோடு பேசுவதில்லை என்று ஆஷ்லினின் ஞானஸ்நான விருந்தன்றைக்குச் சொன்னேன். அந்தப் புள்ளைக்கு இப்போது இருபது வயசு. சொன்ன சொல்லில் நிற்கிறேன். எழுதுவதில்லை என்று நான் சொல்லவில்லை. இத்தனை வருஷமும் உங்களுக்குச் சொல்லவேண்டியதை அவளிடம் சொன்னேன், நீங்கள் சொன்னதை அவள் வாயால் கேட்டேன். இப்போது அவள் ரொம்பப் பேசக்கூடாது, போனைப் பார்க்கக்கூடாது என்கிறீர்கள். அவளைப் பெத்தவர்கள் இருவரும் மஸ்கட்டில் உட்கார்ந்து போனில் அழுகிறார்கள். நமக்கு நடுவில் ஆள் இல்லை. அதனால்தான் இந்த அஞ்சாங்கிளாஸ் கையெழுத்து.

ஆஷ்லினுக்கு அந்த நேரம் ஞாபகத்திலேயே இல்லை. “பொங்கல் சாப்பிட்டது தெரியுது அப்பத்தா. அப்பறம் ஆஸ்பத்திரி லைட்டு தெரியுது. நடுவுல ஒண்ணுமே இல்ல” என்றாள். போனால் போகட்டும். அவள் பங்கையும் சேர்த்து நான் வைத்திருக்கிறேன்.

கோ-கோவுக்கு இரண்டு பக்கமும் மரக்கம்பம் நடவேண்டும். மலையாண்டி தன் தோட்டத்தில் கிடந்த பழைய போர் பைப்பை வெட்டி நட்டான். மஞ்சளும் சிவப்புமாகப் பெயிண்ட் வேறு. முதல் நாள் சாயங்காலம் அடித்தது, தைப் பனியில் காயவே இல்லை. ஓடுகிறவளைத் தொடுவதற்கு ஆஷ்லின் ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துச் சுழன்று பாய்ந்தாள். எப்போதும் செய்கிறதுதான். கை வழுக்கிவிட்டது. நெற்றிப்பொட்டு போய் இரும்பில் இடித்தது. வெறுங்குடம் கிணற்றுப்படியில் இடித்த மாதிரிச் சத்தம்.

மலையாண்டி என்ன சொன்னான் தெரியுமா? “ஒண்ணுமில்ல தாயி, எந்திரி, ஓடு. ஊரு மானம் போகுது.” சூரியபிரகாஷ் விசிலை வாயில் வைத்திருந்தான், ஊதவில்லை. புள்ளை எழுந்து ஓடினாள். கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்த ஒரு கிழவன் முதுகை டீம் புள்ளை முதுகென்று நினைத்துத் தொட்டு “கோ” என்றாள். சனம் சிரித்தது. அப்புறம்தான் வாந்தி எடுத்தாள். தங்கப்பொண்ணு அந்த வாயில் சோடாவை ஊற்றினாள். நீங்கள் குடையை மடக்குவதற்கே அம்புட்டு நேரம் எடுத்துக்கொண்டீர்கள்.

நேற்று அவளைப் பார்க்க விளாங்குடி வந்தேன். நான் வாசலில் “ஏ தாயி!” என்றதும் உதட்டில் விரலை வைத்து “உஷ்” என்றீர்கள். மூணாங்கிளாஸ் புள்ளைகளுக்குக் காட்டுகிற விரலை எனக்குக் காட்டினீர்கள். அப்படியே திரும்பி பஸ் ஏறிவிட்டேன். அந்த விரலையும் மனசில் முடிந்து வைத்திருக்கிறேன்.

காசிமாயனிடம் தூக்குவாளி கொடுத்திருக்கிறேன். ஆட்டுமூளை, மிளகு தூக்கலாகப் போட்டது. மூளைக்கு மூளைதான் மருந்து. அவளைத் தூங்கவிடாதீர்கள். தலையில் அடிபட்டவள் தூங்கினால் எழுந்திருக்கமாட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ராத்திரி முழுக்கக் கன்னத்தைத் தட்டித்தட்டி நான்தான் முழிக்க வைத்தேன். தூக்குவாளியைக் கழுவி அனுப்பவும்.

அன்னக்கொடி


விளாங்குடி
24.1.2025

அன்புள்ள சம்பந்தியம்மா அவர்களுக்கு,

இயேசுவுக்கே புகழ். கடிதமும் தூக்குவாளியும் வந்தன. கழுவித்தான் அனுப்பியிருக்கிறேன்.

மூளை வறுவலை ஆஷ்லின் சாப்பிடவில்லை. சமையலில் குறை இல்லை. எங்கள் தெருவிலிருந்து ஒரு மூளை, கோயில் மாதர் சங்கத்திலிருந்து ஒரு மூளை, என் தம்பி ஜெரால்ட் வீட்டிலிருந்து ஒரு மூளை என்று ஏற்கெனவே வந்துவிட்டது. மதுரையில் எத்தனை ஆடு இவளுக்காக உயிரை விட்டதோ தெரியவில்லை. வாசனை பட்டாலே குமட்டுகிறது. டாக்டரம்மாவிடம் கேட்டேன். “மூளையைத் தின்றால் அது நேராக மூளைக்குப் போகாது. வயிற்றுக்குத்தான் போகும், அங்கே கொழுப்பாகத்தான் நிற்கும்” என்றார். கொஞ்சம் கொஞ்சமாக, நேரம் தவறாமல் சாப்பிட வேண்டுமாம். முட்டை, மீன், கீரை, கடலை. தண்ணீர் நிறைய. காப்பியைக் குறைக்க வேண்டும். மதியத்துக்கு மேல் கூடவே கூடாது.

தூக்கம் பற்றியும் சொல்லவேண்டும். அடிபட்ட இரவு முழுவதும் தூங்கவில்லை என்று ஆஷ்லின் சொன்னதும் டாக்டரம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “ஸ்கேன் எடுத்துப் பார்த்து, ரத்தக்கசிவு இல்லை, படுக்கவையுங்கள் என்று சொல்லி அனுப்பினார்களே. அதற்குப் பிறகு இவளைத் தூங்கவிடாமல் வைத்தது யார்?” என்று கேட்டார். “வீட்டில் ஒருவர்” என்றேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. தூக்கம்தான் இவளுக்கு முதல் மருந்து.

அந்த “உஷ்” உங்களுக்கு மட்டும் சொன்னதல்ல. விசாரிக்க வருகிறவர்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். ஹார்லிக்ஸை வைத்துவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, ஆளாளுக்கு ஒரே கேள்வி: “என்னை யாருன்னு தெரியுதா, சொல்லு பாப்போம்?” புள்ளை எல்லாருக்கும் பதில் சொல்லிவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். உங்கள் ஊரிலிருந்து நேற்று மட்டும் ஒரு வேன் வந்தது.

இப்போது ஜன்னல்களில் கறுப்புக் கம்பளி தொங்கவிட்டிருக்கிறேன். ஒரு பொட்டு வெளிச்சம் உள்ளே வராது. ஓய்வு என்றால் முழு ஓய்வு. சித்திரையில் மாநில டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள். மூன்று வருடமாக அவள் அதற்காகத்தான் ஓடுகிறாள் என்பது உங்களுக்கும் தெரியும். கண்ணைத் திறந்தால் ஒரே கேள்வி: “அம்மாச்சி, அதுக்குள்ள ஓடிருவேன்ல?”

அன்றைக்குக் குடையை மடக்க எனக்கு நேரமானது உண்மைதான். கண்ணை அவளிடமிருந்து எடுக்காமல் கொக்கியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஜோசபின்


கீழக்குயில்குடி
தை 20, ஞாயிற்றுக்கிழமை

டீச்சரம்மாவுக்கு,

தூங்கவிடாதே என்பது என் சொந்தப் புத்தி இல்லை. என் மாமியார் ரெங்கம்மாள் சொன்னது. அவள் செத்து முப்பது வருஷம் ஆகிறது. டாக்டரம்மாவைப் போய் அவள் மேல் கோபப்படச் சொல்லவும்.

வேன் விஷயத்தைக் கேட்டதும் எனக்குக் கொதித்துவிட்டது. எங்கள் பக்கம் ஒருத்தருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் போய் விசாரிக்க வேண்டும். போகாவிட்டால் பகை. விசாரிக்காத ஆட்களின் பேரை எல்லாம் நானே இன்றைக்கும் வரிசையாகச் சொல்லுவேன். வரவேண்டாம் என்று சொன்னாலும் பகைதான். என்ன செய்ய? சாவடியில் போய் நின்று சொன்னேன்: “ஆஷ்லின விசாரிக்க ஒருத்தரும் விளாங்குடிக்குப் பஸ் ஏறக்கூடாது. அவளுக்குப் பதிலா நான் கட்டில்ல உக்காந்திருக்கேன். விசாரிக்கிறதுன்னா என்னைய வந்து விசாரிங்க.”

வந்தார்கள். ஊரே வந்தது. நானும் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். “தலை சுத்துதா அன்னக்கொடி?” என்று கேட்டாள் தங்கப்பொண்ணு. “சுத்துது” என்றேன். ஒருத்தி வழக்கம்போல, “நான் யாருன்னு தெரியுதா?” என்றாள். “நல்லாத் தெரியுது. போன ஆடியில எங்கிட்ட வெள்ளாட்டுக் குட்டிய எரவல் வாங்கிட்டுப் போயி கறியாக்குனவ” என்றேன். அதற்கப்புறம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. வந்த ரொட்டியை எல்லாம் ஆடு தின்கிறது. ஹார்லிக்ஸ் காசிமாயன் வீட்டுப் புள்ளைகளுக்குப் போய்விட்டது. இனி உங்கள் வீட்டு வாசலில் எங்கள் ஆள் ஒருத்தர் செருப்பைக் கழற்றினால் எனக்குத் தகவல் அனுப்பவும்.

மலையாண்டியும் வந்தான். என் கட்டிலைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பத்துப் பேர் இருக்கையில், “புள்ளைக்கு மூளை கலங்கிருச்சுன்னு பேசிக்கிறாகளே அக்கா” என்றான்.

“ஆரு பேசிக்கிறாக?”

“ஊருல.”

“ஊருக்கு வாய் எங்கடா இருக்கு? ஒம் மூஞ்சியிலயா?”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். பைப்பு நட்ட கை, அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கவனித்துக்கொள்ளவும்.

நாட்டுக்கோழி முட்டையும் முருங்கைக்கீரையும் அனுப்பியிருக்கிறேன். கீரையை உருவும்போது ஒரு காம்பு விடாமல் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். கம்பளி எதற்கு? அடை வைத்த கோழியைக்கூட நாளுக்கு ஒரு தடவை கூடையைத் தூக்கி வெளியே விடுவோம். நீங்கள் படித்தவர்கள். எனக்குத் தெரியவில்லை.

அன்னக்கொடி


விளாங்குடி
27.2.2025

அன்புள்ள சம்பந்தியம்மா,

இதற்குமுன் எழுதத் தைரியம் வரவில்லை. ஆஷ்லின் தேறவில்லை. முட்டை சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், தண்ணீர் குடிக்கிறாள். ஆனால் தலைவலி நிற்கவில்லை. போன வாரம் சமையலறைக்கு வந்து நின்றாள். எதையோ கேட்க வந்து, அதன் பெயர் வரவில்லை. கையால் துருவுகிற மாதிரி காட்டினாள். தேங்காய். “அம்மாச்சி, எனக்குத் தேங்காய் மறந்துபோச்சு” என்று சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்குச் சொல் கற்றுக்கொடுத்தவள் நான். பெரியவளான பிறகு ஒரு பிள்ளை சொல்லைத் தொலைத்துவிட்டு நிற்பதைப் பார்த்ததில்லை. அன்று நான் ஜெபமாலையை எடுத்தும் ஜெபிக்க முடியவில்லை.

மறுநாளே டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். கம்பளியைப் பற்றிச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “எத்தனை நாளாக?” என்றார். ஏறக்குறைய ஒரு மாதமாக என்றேன். “முதல் இரண்டு நாள்தான் அந்த மாதிரி ஓய்வு. அதற்கு மேல் இருட்டில் அடைத்தால் தலை இன்னும் கனக்கும், மனசும் சுருண்டுபோகும். இவளுக்கு வெளிச்சம் வேண்டும், நடை வேண்டும், சிரிப்பதற்கு ஆள் வேண்டும்” என்றார். அவர் என்னை ஏறக்குறைய மூணாங்கிளாஸ் பிள்ளையைத் திட்டுவது மாதிரிதான் திட்டினார். நீங்கள் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். சந்தோஷப்பட்டிருப்பீர்கள்.

கோழிக்கூடை விஷயத்தில் நீங்கள் கேட்டது சரி. தூக்கத்தில் நான் சொன்னது சரி. ஆளுக்கு ஒரு தப்பு.

இனி செய்ய வேண்டியது: காலையில் வெயில் ஏறுமுன் மெதுவாக நடக்க வேண்டும். தலைவலி கூடினால் உடனே உட்கார வேண்டும். குறைந்ததும் மறுபடி நடக்கலாம். வலியைப் பொறுத்துக்கொண்டு ஓடுவது வீரம் இல்லை என்று அவளிடமே சொல்லியிருக்கிறார். தினமும் ஒரே நேரத்தில் சாப்பாடு, ஒரே நேரத்தில் படுக்கை. இதெல்லாம் சரியாக நடந்தால் சித்திரைக்குள் ஓடலாம். ஓட முடியாமலும் போகலாம் என்றார்.

எங்கள் வீட்டு வாசலில் திண்டுக்கல் ரோட்டு பஸ் ஹாரன் விடியற்காலையிலேயே தொடங்கிவிடுகிறது. ஒரு முறை அவளை நடக்கக் கூட்டிப்போனேன். நாலாவது ஹாரனில் காதைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டாள். உங்கள் ஊரில் மலையடியில் தாமரைக்குளம் இருக்கிறது. அங்கே வண்டி வராது.

அவளை உங்களிடம் அனுப்புகிறேன். கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: உங்கள் குரல்.

தவக்காலம் தொடங்கப்போகிறது. அவள் கறி சாப்பிடமாட்டாள். மீன் சாப்பிடலாம்.

ஜோசபின்


கீழக்குயில்குடி
மாசி 28, புதன்கிழமை

டீச்சரம்மாவுக்கு,

புள்ளை நன்றாக இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிட்டேன். இனி நிதானமாகப் படிக்கவும்.

குரலைக் குறைக்கச் சொன்னீர்கள். குறைத்துவிட்டேன். ஆட்டைக்கூட ரகசியம் மாதிரிதான் கூப்பிடுகிறேன், ஒன்றும் திரும்பிப் பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரி வந்து, “என்ன ஆத்தா, காத்துக்கருப்பு பட்டிருச்சா? கோடாங்கியக் கூட்டியாரவா?” என்று கேட்டுவிட்டாள்.

முதல் நாள் அய்யனார் கோயில் ஆலமரத்துக்குப் போவதற்குள் தலையைப் பிடித்தாள். உட்கார்ந்தோம். அப்புறம் குளத்துப் படி வரைக்கும். அப்புறம் பாதிக் கரை. இப்போது குளத்தை முழுசாகச் சுற்றி வந்து, இன்னொரு சுற்றுப் போவோமா அப்பத்தா என்கிறாள். எனக்குத்தான் முழங்கால் கேட்கவில்லை. மலைமேல் சமணர் படுக்கை இருக்கிறதே, அங்கே ஏறவேண்டும் என்று நிற்கிறாள். டாக்டரம்மா சொல்லட்டும் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். பாருங்கள், நான் ஒருத்தி டாக்டர் பேச்சைக் கேட்கிறேன்.

சாப்பாடு: காலையில் கேப்பைக்கூழும் சின்ன வெங்காயமும். பத்து மணிக்கு முட்டை. மதியம் அயிரை மீன் குழம்பு. உயிரோடு வாங்கி, பாலில் விட்டு, உப்புப் போட்டு உரசி மண் போகக் கழுவினது. சாயங்காலம் எள்ளுருண்டை. காப்பித் தூளைப் பானைக்குள் ஒளித்து வைத்துவிட்டு நானும் குடிப்பதில்லை. எனக்குத்தான் அதில் தலைவலி. நேற்று அவளாகவே, “அப்பத்தா, கொழம்புல தேங்காய் கொஞ்சம் கூடிருச்சு” என்றாள். தேங்காய் என்றாள், டீச்சரம்மா. சட்டென்று சொன்னாள். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டேன்.

இனிமேல்தான் கெட்டது.

முத்துமீனா தினம் காலையில் எங்களோடு நடக்க வருகிறாள். நல்ல புள்ளை. முந்தாநாள் குளத்துப் படியில் உட்கார்ந்து அழுதாள். “அப்பத்தா, எங்க தாத்தா கோச்சுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டாரு. ஆஷ்லினுக்கு மூளை கலங்கிருச்சு, எதையோ பேசுது, ஆள் தெரியல, மாநில டீம் தேர்வுல இருந்து பேரை எடுத்துருங்கன்னு. கோச்சும் எடுத்துட்டாரு. அந்த எடத்துல என்னையப் போட்டிருக்காக. எனக்கு வேணாம்னு சொல்லிட்டேன், கேக்க மாட்டேங்கிறாக.”

ஆஷ்லின் எழுந்து வீட்டைப் பார்க்க நடந்தாள். அன்றைக்கு மீனைத் தொடவில்லை. “ஒருவேள நெசந்தானோ அப்பத்தா? எனக்குத்தான் தெரியலையோ?” என்று கேட்டாள். இரும்பில் இடித்தபோதுகூட அவள் முகம் அப்படி ஆகவில்லை.

நான் மலையாண்டி வீட்டுக்குப் போனேன். குறைத்து வைத்திருந்த குரலை அன்றைக்கு முழுசாக எடுத்தேன். காற்று அந்தப் பக்கம் அடித்திருந்தால் விளாங்குடியில் உங்களுக்கும் கேட்டிருக்கும். “நல்லதுக்குத்தான் சொன்னேன் அக்கா” என்றான். “யாரு நல்லதுக்கு?” என்றேன். பேத்தியைத் திரும்பிப் பார்த்தான். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பஸ் ஏறி அந்தக் கோச்சிடம் போகலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் நான் பேசினால் சண்டையாகத்தான் முடியும். நீங்கள் பேசினால் பாடமாக முடியும். யோசிக்கவும்.

அன்னக்கொடி


விளாங்குடி
22.4.2025

அன்புள்ள சம்பந்தியம்மா,

உயிர்ப்பு விழா வாழ்த்துகள். நீங்கள் கொடுத்துவிட்ட எள்ளுருண்டையைப் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றே சாப்பிட்டேன்.

நேற்று டாக்டரம்மா ஆஷ்லினைப் பார்த்தார். ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார், கண்ணை மூடி நடக்கச் சொன்னார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார். எனக்கே அது கஷ்டம். அவள் மடமடவென்று சொன்னாள். நடை, பிறகு ஓட்டம், பிறகு மணலில் பாய்ச்சல், பிறகு மற்றவர்களோடு ஆட்டம் என்று ஒவ்வொரு படியாக ஏறியதை எல்லாம் கேட்டுவிட்டு, “இனி நீ ஆடலாம்” என்றார். ஆஷ்லின் அவர் மேஜையைச் சுற்றி ஓடிவந்து கட்டிப்பிடித்தாள்.

அங்கிருந்து நேராகக் கோச்சிடம் போனோம். நான் குரலை உயர்த்தவில்லை. கேட்டது இவ்வளவுதான்: “இவளைப் பார்த்தீர்களா? இவளைப் பரிசோதித்த டாக்டரிடம் கேட்டீர்களா? இரண்டும் இல்லாமல் ஒருவர் சொன்ன சொல்லுக்கு ஒரு பெண்ணின் பெயரை எப்படி எடுத்தீர்கள்?” அவர் எழுந்து நின்றுவிட்டார். அங்கேயே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டார். சனிக்கிழமை தேர்வு ஆட்டத்தில் அவளும் ஆடுகிறாள், முத்துமீனாவும் ஆடுகிறாள். யாரை எடுப்பது என்பதை ஆட்டம் சொல்லட்டும் என்றார். வெளியே வந்தபிறகு உங்கள் தம்பியைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னேன். அதற்குப் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும்.

ஒரு பழைய விஷயம். ஞானஸ்நான விருந்தில் உங்கள் இலைக்கு மட்டும் கறி வைக்கவில்லை என்று நீங்கள் எழுந்து போனீர்கள். அதை நான் இருபது வருடம் ஆஷ்லின் வழியாகப் பல விதமாகக் கேட்டிருக்கிறேன். அன்று செவ்வாய்க்கிழமை. உங்கள் பக்கத்தில் செவ்வாய், வெள்ளி கறி தொடமாட்டார்கள் என்று என் வீட்டுக்காரர் தனிஸ்லாஸ் எங்கேயோ கேட்டு வந்து சொன்னார். உங்களுக்காகத் தனியாக நெய்யில் உருளைக்கிழங்கு வறுத்து வைத்திருந்தோம். அது வருவதற்குள் நீங்கள் பஸ் ஏறிவிட்டீர்கள். அந்த உருளைக்கிழங்கை யாரும் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை மைதானத்துக்கு வாருங்கள். அன்று வாசலில் உங்களை “உஷ்” என்றேன். இப்போது அந்தக் குரல் வேண்டும். அதில் ஒரு பொட்டுக்கூடக் குறைக்காதீர்கள்.

ஜோசபின்


கீழக்குயில்குடி
சித்திரை 15, திங்கட்கிழமை

சம்பந்திக்கு,

நீங்களும் மைதானத்தில்தான் இருந்தீர்கள். ஆனாலும் எழுதுகிறேன். ஏனென்றால் நீங்கள் பாதி நேரம் கண்ணை மூடி ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தீர்கள். பார்க்காததை நான் சொல்லவேண்டும்.

கம்பம் மரம். உள்ளே போனதும் முதல் வேலையாகக் கையால் தடவிப் பார்த்தேன். காவலுக்கு நின்றவன், “என்னம்மா பண்றீங்க?” என்றான். “பெயிண்ட் காஞ்சிருச்சான்னு பாக்குறேன்” என்றேன்.

முதல் ஆட்டத்தில் அவள் பயந்துதான் ஓடினாள். கம்பத்தை விட்டு ஒரு முழம் தள்ளியே திரும்பினாள். கோச்சு வேறு பக்கம் பார்க்க ஆரம்பித்தார். இரண்டாவது ஆட்டம் முடியப்போகிறது. எதிர் டீமில் குட்டையாக ஒரு புள்ளை, காற்று மாதிரி ஓடுகிறாள், ஒருத்தராலும் தொட முடியவில்லை. முத்துமீனா விரட்டிக்கொண்டு வந்து ஆஷ்லின் முதுகைத் தட்டி “கோ!” என்றாள். குட்டைப் புள்ளை கம்பத்தைச் சுற்றினாள். அங்கேதான் நீங்கள் கண்ணை மூடினீர்கள். நான் கத்தினேன். “ஏ தாயி! புடி! பாய்!” மைதானத்தில் இருந்த காக்கா எல்லாம் எழுந்து போய்விட்டது. ஆஷ்லின் கம்பத்தைப் பிடித்தாள். கை வழுக்கவில்லை. ஒற்றைக் கையில் அப்படியே சுழன்று, உடம்பு முழுக்கத் தரைக்கு மேலே, கெண்டை துள்ளுகிற மாதிரி. விரல் நுனி அந்தப் புள்ளையின் முதுகைத் தொட்டது. விசில். விழுந்தது மண்ணில், நெஞ்சு பட விழுந்தாள். தலை நிமிர்ந்தே இருந்தது. எழுந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அப்போதுதான் உங்கள் தோளைப் பிடித்து உலுக்கி, “கண்ணத் தொறங்க டீச்சரே, தொட்டுட்டா!” என்றேன். இருபது வருஷத்துக்கப்புறம் உங்களிடம் நான் பேசிய முதல் பேச்சு. சொல் போனது போனதுதான். போகட்டும். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து குதித்தீர்கள். குடை எங்கே விழுந்தது என்று இன்னும் தெரியவில்லை. காசிமாயனைத் தேடச் சொல்லியிருக்கிறேன்.

டீமில் இரண்டு பேரையும் எடுத்துவிட்டார்கள். பேரைப் படித்தபோது முத்துமீனாதான் முதலில் அழுதாள். எங்கள் ஊரே என் வாசலுக்கு வந்து விசாரித்தது. இந்தத் தடவை விளாங்குடிக்கே போங்கள் என்று சொல்லிவிட்டேன்.

நேற்று உட்கார்ந்து அன்றைக்குப் பொட்டலில் இருந்தவர்களை ஒவ்வொருத்தராக எடுத்துப் பார்த்தேன். சூரியபிரகாஷ் வீட்டுக்கு வந்து, “விசில் ஊதிருக்கணும் ஆத்தா, பயந்துட்டேன்” என்றான். மன்னித்தேன். தங்கப்பொண்ணு, பாவம், சோடாவைத் தவிர அவளுக்கு வேறு வைத்தியம் தெரியாது. மன்னித்தேன். காசிமாயன் ஆட்டோவை மேடு பள்ளம் பார்க்காமல் ஓட்டினான். ஆனால் அன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல் தூக்குவாளி சுமந்தான். மன்னித்தேன். முத்துமீனாவை மன்னிப்பதற்கு ஒன்றுமே இல்லை. உங்களை, அந்த விரலுக்கு மன்னித்தேன். உருளைக்கிழங்குக்கும் மன்னித்தேன். உங்கள் வீட்டுக்காரர் செத்துப்போய்விட்டார், அதனால் அவரையும் விட்டுவிடுகிறேன். ஆனால் செவ்வாய்க்கிழமை நான் கறி சாப்பிடுவேன். எப்போதும் சாப்பிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

மைதானத்துக்கு அவனும் சால்வையோடு வந்திருந்தான். நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆஷ்லினுக்குப் போர்த்தினான். அவள் சின்னப்புள்ளை, சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். அவளுக்கு அந்த நாள்தான் ஞாபகத்திலேயே இல்லையே. என்னிடம் வந்து, “பைப்ப நட்டது தப்புத்தான் அக்கா” என்றான். பைப்பை மன்னித்துவிட்டேன். எழுந்து ஓடு என்று சொன்னதையும் மன்னித்துவிட்டேன், தெரியாத்தனம். இரும்புக்கு வாய் கிடையாது. அது இடித்தது மூன்று மாதத்தில் ஆறியும் போனது. ஆனால் நல்ல தலையைக் கலங்கின தலை என்று போன் போட்டுச் சொன்னது இரும்பு இல்லை. அந்தச் சொல்லால் குளத்துப் படியில் புள்ளை முகம் போனபோக்கை நான் பார்த்தேன். அவள் மறந்தாலும் நான் மறக்கமாட்டேன்.

எனவே ஒன்று கேட்கிறேன். எங்கள் வழக்கத்தில் ஒருத்தி செத்தால் அவள் உடம்பில் போர்த்தக் கூடப்பிறந்தவன்தான் கோடிச்சேலை கொண்டுவர வேண்டும். என் சாவுக்கு அவன் வீட்டுச் சேலை வரக்கூடாது. சேலையை நீங்கள் கொண்டுவாருங்கள். அரக்குக் கலர், பெரிய பார்டர். நீங்கள் கட்டுகிற அந்தச் சாம்பல் கலர் வேண்டாம். அவசரம் ஒன்றும் இல்லை. நான் கேப்பைக்கூழும் அயிரை மீனும் சாப்பிடுகிறவள், இன்னும் இருபது வருஷம் இருப்பேன். அடுத்த செவ்வாய்க்கிழமை வாரேன். கறி ஆக்கி வைக்கவும்.

எல்லாரையும் மன்னித்தாயிற்று. ஒருத்தன் மட்டும் பாக்கி. அது என் தம்பி மலையாண்டி.

அன்னக்கொடி